துண்டுக்கு அடியில் ஒரு காளை

நவம்பர் 2, சனி. கோவை

என் பெட்டி சின்னது. முகாமின் பெட்டிதான் பெரியது. யோகா பாய்கள், பூத்துண்டுகள், வண்ணப் பேனாக்கள், மருந்துப் பை, ஒரு வெண்கல மணி, கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அட்டைகள். எல்லோர் அட்டையிலும் பெயர் பெரிதாகவும் தொழில் சிறிதாகவும் இருக்கிறது. என்னுடையதில் மட்டும் ‘இன்டர்ன்’ பெரிதாகவும் ‘சுகந்தி’ சிறிதாகவும் வந்திருக்கிறது. அச்சகத்தில் நடந்த தவறு. எனக்கு அதில் ஒன்றுமில்லை.

‘ஏற்றம்’ என்ற இந்தக் கம்பெனி தொழிலதிபர்களை வருடத்துக்கு ஒருமுறை வெளிநாட்டுக்கு அழைத்துப்போய், தொழிலை மறக்கக் கற்றுக்கொடுத்து, தொழில் வளர்வதற்கு அனுப்பிவைக்கிறது. இந்த முறை வியட்நாமில் தாலாத் என்ற மலையூர். நடத்துபவள் ரேஷ்மிகா. இருபத்தெட்டு வயது. நான் நாற்பத்தாறு. ஆடிட்டர் ஆபீஸ் வேலையை விட்ட பிறகு பிறந்த என் மகள் நிலானி இப்போது கல்லூரியில் இருக்கிறாள். நடுவில் போன காலத்துக்கு அவள்தான் சாட்சி.

நேற்று ரேஷ்மிகா என்னைக் கூப்பிட்டு, முகாம் நல்லபடியாக முடிந்தால் வேலையை நிரந்தரம் செய்துவிடுவதாகச் சொன்னாள். முடியாவிட்டால் என்ன என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்டர்வியூவில் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டபோது, “நீங்க பாத்துக் குடுங்க” என்று சொல்லிவிட்டு வந்தவள் நான். பார்த்துக் கொடுத்தார்கள். போன வருடம் நிலானி ஒரு கம்பெனியில் இன்டர்னாக இருந்தபோது அவளுக்கு இதைவிட அதிகம். அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சிரித்தாள், அவ்வளவுதான்.

நவம்பர் 4, திங்கள். சைகோனிலிருந்து தாலாத் போகும் பேருந்தில்

சுங்கச் சோதனையில் ஒரு மணி நேரம் போயிற்று. பவானி ஜெகதா அக்கா நைட்டி கம்பெனி முதலாளி. அவர் பெட்டியில் நைட்டிகளுக்கு நடுவே ஒரு ரைஸ் குக்கரும் பருப்புப் பொடியும் இருந்தன. பொடியை முகர்ந்து பார்த்த அதிகாரி தும்மினார். தும்மிவிட்டு மறுபடி முகர்ந்தார்.

வந்திருக்கும் பன்னிரண்டு பேரும் கொங்கு நாட்டுக்காரர்கள். பேருந்தில் என் பக்கத்தில் சென்னியப்பன் உட்கார்ந்திருக்கிறார். பெருந்துறையில் மஞ்சள் மண்டி, மசாலாப் பொடி கம்பெனி. அறுபது வயது. அரைக்கால் சட்டை போட்டிருந்தாலும் தோளில் துண்டு. ரேஷ்மிகா முன்னால் நின்று மைக்கில் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, “பொண்ணு நல்லா சுறுசுறுப்புங்க அம்மிணி. அப்படியே உங்க ஜாடை” என்றார்.

திருத்த வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு வளைவு வந்தது. அப்புறம் இன்னொரு வளைவு. மலைப்பாதை அல்லவா.

இரண்டு சீட்டு முன்னால் தனபால். காங்கேயத்தில் மாட்டுத் தீவனம் தயாரிக்கிறார். சென்னியப்பனைவிடப் பத்து வயது இளையவர். மாமா, மாப்பிள்ளை முறை. சென்னியப்பனிடம் ராசா என்று ஒரு காங்கேயம் பொலிகாளை இருக்கிறது. போன பொங்கலிலிருந்து தனபால் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், இவர் இன்னும் பிடி கொடுக்கவில்லை. என்ன விலை சொல்கிறீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டேன். சென்னியப்பன் என்னைப் பார்த்த பார்வையில், கோயிலுக்குள் செருப்போடு நுழைந்துவிட்டேனோ என்று தோன்றியது.

“வெலைய வாயில சொல்றதுங்களா? நாலு பேரு காதுல உழுந்தா மாட்டுக்கும் மரியாத இல்ல, மனுசனுக்கும் மரியாத இல்ல.”

மாட்டுச் சந்தையில் துண்டைப் போர்த்தி அதற்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்களாம். தன் இடக்கையின் மேல் துண்டைப் போட்டு வலக்கையை உள்ளே விட்டுக் காட்டினார். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து, இரண்டு தரம் பிடித்தால் பத்து. ஆயிரமா லட்சமா என்பது மாட்டைப் பார்த்தாலே இருவருக்கும் தெரியும். உள்ளங்கையை அழுத்தினால் சம்மதம். அழுத்தாமல் கையை வெளியே உருவினால் பேரம் முறிந்தது. முடிந்த பேரத்துக்கு அடையாளமாக ஏதாவது ஒன்று அச்சாரமாகக் கைமாற வேண்டும். பக்கத்தில் நிற்பவன் அந்தப் பக்கமே பார்க்கக் கூடாது.

ஒரு முறைகூட வாயைத் திறக்காமல் விலை சொல்லலாம் என்பதை நான் கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

நவம்பர் 5, செவ்வாய். தாலாத்

பைன் மரம், பனி, கேரட் வயல், ஸ்ட்ராபெர்ரி விற்கும் பெண்கள். பன்னிரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் வந்து, இது ஊட்டி மாதிரியே இருக்கிறதே, இதற்கு எதற்குப் பாஸ்போர்ட் என்று கேட்டார்கள். எல்லாப் புகாரும் என்னிடம்தான் வருகிறது, நான்தான் முதலாளி என்ற நினைப்பில். அட்டை அடிக்கடி திரும்பிக்கொள்கிறது. கயிறு சரியில்லை.

பயிற்சி தருபவர் ஹென்றிக், டென்மார்க்காரர். ஆறரை அடி உயரம், வெள்ளைத் தாடி. யாரைப் பார்த்தாலும் அவர்கள் கையைத் தன் இரண்டு கைகளிலும் வாங்கி, விரல்களை மொத்தமாக இரண்டு தரம் இறுக்கி, உள்ளங்கையை அழுத்தி, கண்ணுக்குள் பார்க்கிறார். பிடித்த கையை முதலில் விடக் கூடாது என்பது அவர் கொள்கையாம். எதிரில் இருப்பவர் விடும்வரை நிற்பார். காலையில் தனபாலும் மரியாதைக்காக விடவில்லை. டிபன் ஆறிப்போய்விட்டது.

இன்று கனவுப் பலகை. அவரவர் மனதில் ஆழமாக இருப்பதைப் படமாக ஒட்ட வேண்டும். ஜெகதா அக்கா அமெரிக்கக் கொடிக்கு ஒரு நைட்டியை மாட்டியிருந்தார். சென்னியப்பன் ராசாவின் போட்டோவை ஒட்டினார். தனபாலும் ராசாவின் போட்டோவையே ஒட்டினார். இரண்டு மனிதர்களுக்கு ஒரே கனவு வருவதை இத்தனை வருடத்தில் பார்த்ததில்லை என்று ஹென்றிக் கண் கலங்கினார். நான் மொழிபெயர்த்தேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள்.

நவம்பர் 6, புதன்

ஃபோனில் கணவர். குக்கர் விசில் எங்கே என்று கேட்டார். குக்கரின் மேல் இருக்கிறது என்றேன்.

நவம்பர் 6, மாலை

ரேஷ்மிகா ஒரு கூடை ஸ்ட்ராபெர்ரியைத் தனியாகத் தின்று படுத்துவிட்டாள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு. நாளைதான் மௌன நாள். முகாமின் உயிரே அதுதான். காலை மணி அடித்ததிலிருந்து மாலை மணி வரை பேசக் கூடாது, எழுதக் கூடாது, ஃபோன் கூடாது, தொழில் நினைவே கூடாது. முந்தைய முகாம் ஒன்றில் யாரோ ஃபோனை எடுத்து “லோடு ஏத்திட்டியா” என்று கேட்டுவிட, ஹென்றிக் அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாராம்.

ரேஷ்மிகா போர்வைக்குள்ளிருந்து சொன்னாள்: “சுகந்தி, நாளைக்கு யாராச்சும் வாயத் தொறந்தா ஹென்றிக் அடுத்த வருஷம் வரமாட்டாரு. அவரு இல்லாட்டி இந்தக் கம்பெனியே இல்ல. அப்புறம் உங்களுக்கும் வேலையில்ல, எனக்கும் வேலையில்ல.”

கஞ்சி வைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு, “தேங்க்ஸ்மா” என்றாள். உடனே “மேம்” என்று திருத்திக்கொண்டாள்.

நவம்பர் 7, வியாழன். மௌன நாள்

பன்னிரண்டு பேரின் ஃபோன்களையும் கூடையில் வாங்கிப் பூட்டினேன். தனபாலிடமிருந்து மூன்றாவது ஃபோனை வாங்க இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று. மணி அடித்தேன். ஊர்ச் சந்தை கலைந்தது போல ஓர் அமைதி.

கூடத்தில் எல்லோரும் பாயில் உட்கார்ந்தார்கள். குளிருக்குத் துண்டைப் போர்த்திக்கொள்ளலாம் என்று ஹென்றிக் சைகை செய்தார். முதல் அரைமணி எந்தக் குறையும் இல்லை. அதற்குப் பிறகு, தனபால் பாயோடு கொஞ்சம் நகர்ந்தார். சென்னியப்பனும் நகர்ந்தார். முழங்காலும் முழங்காலும் தொட்டன. சென்னியப்பன் துண்டை இருவர் கைகளின் மேலும் போட்டார். பிறகு இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

துண்டு அசைந்தது. சென்னியப்பன் மெல்லத் தலையசைத்தார், இல்லை என்று. துண்டு மறுபடி அசைந்தது. தனபால் நெற்றியில், அந்தக் குளிரிலும், வேர்வை.

நான் மரியாதையாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பேசக் கூடாது, எழுதக் கூடாது, ஃபோன் கூடாது. விதியில் விரலைப் பற்றி ஒன்றும் இல்லை.

திரும்பிப் பார்த்தபோது ஹென்றிக் அவர்களுக்கு முன்னால் மண்டியிட்டிருந்தார். கண்ணில் நீர். இரண்டு நடுத்தர வயது ஆண்கள், ஒரே கனவு, கைகோத்து, மௌனத்தில். அவரால் தாங்க முடியவில்லை. துண்டுக்குள் தன் கையையும் நுழைத்தார். நான் தடுக்க எழுந்தேன். என்ன சொல்லித் தடுப்பது, எப்படிச் சொல்வது?

அவர் கையில் அகப்பட்டது சென்னியப்பனின் கை. வழக்கம் போல விரல்களை மொத்தமாகப் பிடித்து இரண்டு தரம் இறுக்கினார். பத்து. சென்னியப்பன் கண்ணைத் திறந்தார். ஹென்றிக் உள்ளங்கையை அழுத்தினார். பிறகு, இன்று எல்லோருக்கும் தருவதற்காக ஆற்றிலிருந்து பொறுக்கி வைத்திருந்த கூழாங்கல் ஒன்றை எடுத்து அதே கையில் வைத்து விரல்களை மூடினார்.

சென்னியப்பன் கல்லைப் பார்த்தார். ஹென்றிக்கைப் பார்த்தார். தானும் ஒரு தரம் அழுத்திவிட்டு, கல்லைச் சட்டைப் பையில் போட்டு, பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

தனபால் எழுந்து வெளியே போனார்.

சமையற்கட்டுக்குப் பின்னால் முட்டைக்கோஸ் வயல். அது முகாம் எல்லைக்குள் வராது என்று ஓடிக்கொண்டே முடிவுசெய்தேன். தனபால் முட்டைக்கோஸ்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார்.

“வெள்ளக்காரன் என் காளைய வாங்கிட்டானுங்க மேடம்” என்றார். குரல் உடைந்திருந்தது. ஏழு கொடுத்தாராம். மாமா எட்டில் நின்றாராம். இன்னும் ஒரு தரம் பிடித்திருந்தால் முடிந்திருக்கும். இப்போது பெட்டியைக் கட்டப் போகிறார். அவர் கிளம்பினால் அவரோடு சேர்ந்து வந்த தீவன வியாபாரிகள் நாலு பேரும் கிளம்புவார்கள். கிளம்பும்போது மாமாவை நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார். கூடத்தில் வைத்து, சத்தமாக.

ஹென்றிக்குக்குக் காளையும் தெரியாது, பேரமும் தெரியாது, அவர் எல்லோரையும் அப்படித்தான் பிடிக்கிறார் என்று சொன்னேன். அவர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. “தெரிஞ்சு புடிச்சா என்ன, தெரியாம புடிச்சா என்னங்க? கை கைதானே. அச்சாரம் வேற வாங்கியாச்சு. இனி நான் இருவது குடுத்தாலும் மாமன் தொடமாட்டாரு.”

மாற்ற வழியே இல்லையா என்று கேட்டேன். ஒன்று உண்டு என்றார். வாங்கினவனே திரும்ப அதே துண்டுக்குள் கை வைத்து, அழுத்தாமல் உருவிக்கொள்ள வேண்டும். அச்சாரம் விற்றவனுக்குப் போய்விடும், மாடு மறுபடி விலைக்கு வரும்.

சாயங்கால மணிவரை பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். என் வேலை போய்விடும் என்று சொல்ல நினைத்து, ஏனோ சொல்லவில்லை. அவர் என்னை முதலாளியாக நினைத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போனால் நிலைமை முற்றியிருந்தது. ஹென்றிக் தான் பார்த்த அதிசயத்தில் மயங்கி, எல்லோரையும் இருவர் இருவராக உட்கார்த்தி, நடுவில் துண்டைப் போட்டுவிட்டிருந்தார். சென்னியப்பனுக்கு மட்டும் ஜோடி இல்லை. கூடம் முழுக்க ஐந்து துண்டுகள் அசைந்துகொண்டிருந்தன. இத்தனை பேர் இத்தனை ஈடுபாட்டோடு தியானம் செய்து அவர் பார்த்திருக்கமாட்டார். மதியச் சாப்பாட்டுக்குள் ஜெகதா அக்கா ஒரு லாரித் துணி வாங்கிவிட்டார் என்பதை அவர் முகத்திலிருந்தே தெரிந்துகொண்டேன். ஒரு கோழிப்பண்ணை கைமாறியது என்று நினைக்கிறேன், உறுதியாகத் தெரியாது. அங்கங்கே கூழாங்கற்கள் சட்டைப் பைகளுக்குள் போய்க்கொண்டிருந்தன.

மதியத்துக்கு மேல் ஹென்றிக் மறுபடி சென்னியப்பனைத் தேடிப் போய் உட்கார்ந்தார். துண்டுக்குள் கையை விட்டார். இரண்டு தரம் இறுக்கி அழுத்துவதற்கு முன்னால் அந்தக் கை வெளியே வர வேண்டும். ஆனால் அவர் முதலில் கையை விடாத மனிதர். கிள்ளலாமா என்றுகூட யோசித்தேன்.

அப்போதுதான் என் அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் ‘இன்டர்ன்’ என்பதற்கும் ஓர் உபயோகம் இருக்கிறது என்று தோன்றியது. சமையற்காரி லானிடம் இரண்டு கோப்பை இஞ்சி டீ வாங்கினேன். கொதிக்கக் கொதிக்க. முதல் கோப்பையை ஹென்றிக்கிடம் நீட்டினேன். அவர் புன்னகைத்து இடது கையால் வாங்கினார். இரண்டாவதையும் அவரிடமே நீட்டினேன். விழித்தார். நான் நீட்டியபடியே நின்றேன். கோப்பைக்குக் காதில்லை, விரல் எரிந்தது. முகத்தை மாற்றாமல் நின்றேன். வீட்டில் எத்தனை வருடம் செய்த வேலை. ஒரு பெண் சூடான டீயோடு முன்னால் நிற்கும்போது எவ்வளவு நேரம்தான் கொள்கை நிற்கும்? வலது கையைத் துண்டிலிருந்து உருவி, கோப்பையை வாங்கினார்.

சென்னியப்பன் தன் வெறும் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மீசை லேசாக ஆடியது. சட்டைப் பையைத் தொட்டு, கல் இனித் தன்னுடையது என்பதை உறுதிசெய்துகொண்டார்.

ஆனால் வாசல்வரை வந்திருந்த தனபால் அங்கேயே நின்றார். இவரும் பார்க்கவில்லை, அவரும் வரவில்லை. யார் முதலில் கையை நீட்டுவது என்ற கௌரவம். இரண்டு பேருக்கும் நடுவில் தரகர் இல்லை. மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. தனபாலின் உதடு பேசத் தயாராகிக்கொண்டிருந்தது.

நான் போய்த் தனபாலின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்கார வைத்தேன். நடுவில் நான் உட்கார்ந்தேன். மடியில் துண்டைப் போட்டேன். இடக்கையைச் சென்னியப்பனிடமும் வலக்கையைத் தனபாலிடமும் நீட்டினேன். இருவரும் திகைத்தார்கள். பிறகு துண்டுக்குள் கையை வைத்தார்கள்.

தனபால் அதே ஏழைப் பிடித்தார். சென்னியப்பன் இப்போது ஒன்பதைப் பிடித்தார். இரண்டும் என் கையில் இருந்தன, வேறு யாருக்கும் தெரியாது. இந்த இடத்தில் நான் செய்யக்கூடியது ஒருவர் சொன்னதை மற்றவருக்குக் கடத்துவது. அதைத்தான் வாழ்க்கை முழுக்கச் செய்திருக்கிறேன். நான் அதைச் செய்யவில்லை. சென்னியப்பனின் ஐந்து விரலையும் ஒரு தரம், மூன்று விரலை ஒரு தரம் பிடித்தேன். எட்டு. தனபாலுக்கும் அதையே பிடித்தேன். இப்போது இருவருமே சொல்லாத, நானே சொன்ன விலை.

சென்னியப்பன் தலையை ஆட்டினார், இல்லை என்று. நான் மறுபடியும் அதையே பிடித்தேன். விடவில்லை. 

இரண்டு உள்ளங்கைகளும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் அழுத்தின.

மணி அடித்தபோது கூடத்தில் ஒருவர்கூடப் பேசியிருக்கவில்லை. அடித்த பிறகும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எல்லோரும் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது என் அபிப்பிராயம்.

நவம்பர் 8, வெள்ளி

நிறைவு விழா. மனிதர்கள் இவ்வளவு ஆழமாக ஒருவரையொருவர் தொட்டு, தொழிலை இவ்வளவு முழுமையாக மறந்து தான் கண்டதில்லை என்று ஹென்றிக் பேசினார். துண்டு முறையை டென்மார்க்கில் அறிமுகப்படுத்தப் போகிறாராம். அடுத்த வருடமும் இந்தக் குழுவோடுதான் வருவாராம். நான் மொழிபெயர்த்தேன். எல்லோரும் பலமாகக் கைதட்டினார்கள்.

சென்னியப்பன் என் காதருகே குனிந்து, “அவிய ஊர்ல மாடு கன்னு இருக்குதுங்களா அம்மிணி?” என்று கேட்டார்.

நிறைய இருக்கிறது, பால்மாடு என்றேன். யோசனையில் ஆழ்ந்துவிட்டார்.

பிறகு, தரகு தராமல் விட்டால் மாடு விளங்காது என்று சொல்லி அந்தக் கூழாங்கல்லை என் கையில் வைத்தார். உங்கள் பெண்ணிடம் சொல்லிவிடாதீர்கள் என்றும் சொன்னார். இந்த முறை திருத்தினேன். ரேஷ்மிகா என் மகள் இல்லை, முதலாளி அவள்தான், நான் இன்டர்ன். அட்டையைத் திருப்பிக் காட்டினேன்.

அட்டையை எட்டிப் பிடித்துப் படித்தார். “அப்படின்னா என்னங்க?”

“வேல கத்துக்கறவங்க.”

“யாரு, நீங்களா?” என்றார் சென்னியப்பன். 

நவம்பர் 9, சனி. சைகோன் விமான நிலையம்

ரேஷ்மிகா முகம் தெளிந்துவிட்டது. வரிசையாகப் போட்ட நாற்காலிகளில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பன்னிரண்டு பேரும் அடுத்த வருடத்துக்கு இப்போதே பேர் கொடுத்துவிட்டார்களாம். ஆனால் எல்லோரும், நீ வராவிட்டாலும் பரவாயில்லை, அந்த அம்மா வரட்டும் என்று சொன்னார்களாம். சொல்லிவிட்டுக் கொஞ்சம் முறைத்தாள். பிறகு சிரித்தாள்.

“வேல கன்ஃபர்ம். சேலரி மட்டும் பேசிடலாம். எவ்ளோ எதிர்பாக்கறீங்க?”

அதே கேள்வி. தொண்டைவரை வந்துவிட்டது, நீங்க பாத்துக் குடுங்க. எனக்கு அந்த வாக்கியத்தைச் சொல்லி நல்ல பழக்கம்.

வாயை மூடிக்கொண்டேன். என் சால்வையை எடுத்து மடியில் விரித்தேன்.

“கையக் குடு கண்ணு” என்றேன்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. காய்ச்சலில் கிடந்தவள், எதையும் பார்க்கவில்லை. எப்படி என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிக்கொடுத்தேன். எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த சென்னியப்பன் எங்களைப் பார்த்தார். உடனே மொத்த உடம்பையும் விமானங்கள் நிற்கும் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டார். பக்கத்தில் இருந்த தனபாலையும் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

நான் பிடித்தேன். ரேஷ்மிகாவின் கண் விரிந்தது. அவள் பதிலுக்குப் பிடித்தாள். நான் அதை விட்டுவிட்டு முதலில் பிடித்ததையே மறுபடி பிடித்தேன். அவள் கையை உருவப் பார்த்தாள். உருவவில்லை. எங்கள் விமானத்துக்கு முதல் அழைப்பு வந்தது. எல்லோரும் வரிசையில் போய் நின்றார்கள். நான் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது அழைப்பும் வந்தது. சால்வைக்குள் என் உள்ளங்கையில் ஓர் அழுத்தம்.

கூழாங்கல்லை எடுத்து அவள் கையில் வைத்து மூடினேன். வாங்குபவர்தான் அச்சாரம் கொடுக்க வேண்டும் என்று பக்கத்து வரிசையில் நின்ற தனபால் மெதுவாகத் திருத்தினார். ரேஷ்மிகா கல்லைத் திருப்பி என்னிடம் கொடுத்தாள்.

எவ்வளவு என்று இங்கே எழுதப் போவதில்லை. வீட்டுக்குப் போனதும் நிலானி கேட்பாள். கையை நீட்டச் சொல்வேன்.